உங்களுக்குத் தெரியுமா? சேற்றுக்கென்றே செய்த எஃகுச் சைக்கிள்கள்

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் சைக்கிள் பந்தயத்தின் ஒரு பகுதிதான் என்றால் நம்புவீர்களா? அந்தப் பந்தயத்துக்கு சைக்ளோகிராஸ் என்று பெயர். ஐரோப்பாவில் இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை இதுதான் சைக்கிள் ரசிகர்களுக்குத் திருவிழா. புல்வெளி, மணல்மேடு, சகதி, படிக்கட்டு எதையும் விட மாட்டார்கள். ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். ஆண்களுக்கான முதல்நிலைப் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். நடுவழியில் முழங்கால் உயரத்துக்குப் பலகைத் தடைகள் வைத்திருப்பார்கள். தடை வந்ததும் குதித்து இறங்கி, வண்டியைத் தூக்கித் தாண்டி, ஓடியபடியே மறுபடி ஏறி உட்கார வேண்டும்.

இதற்கென்றே எஃகுக் குழாய்களால் செய்த ஃபிரேம்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று தயாரிப்பில் இல்லை. சிலவற்றைச் செய்த பட்டறைகளே இல்லை. ஆனாலும் அவற்றைத் தேடி அலைகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அரிய பொருள் என்பதற்காக மட்டும் அவர்கள் தேடவில்லை. இந்த இதழின் துணுக்குகள் அந்த ஃபிரேம்களைப் பற்றியவை.

*

சைக்ளோகிராஸைப் போட்டியாக ஒழுங்குபடுத்தியவர் என்று டேனியல் கூஸோ என்ற பிரெஞ்சுப் படைவீரரைச் சொல்கிறார்கள். பிரான்சின் முதல் தேசியப் போட்டி 1902-ல் நடந்தது. அப்போதெல்லாம் இது குளிர்காலத்தில் உடம்பு சூடு ஆறாமல் இருக்கச் செய்யும் பயிற்சி, அவ்வளவுதான். 1910-ல் ஆக்டாவ் லாபீஸ் டூர் டி பிரான்ஸை வென்றார். வெற்றிக்குக் குளிர்காலத்துச் சேற்றுப் பயிற்சியும் ஒரு காரணம் என்று அவர் சொன்ன பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

*

முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிஸில். வென்றவர் ழான் ரோபிக். மூன்று ஆண்டுகளுக்கு முன் டூர் டி பிரான்ஸை வென்றவரும் இவரே. பெண்களுக்கான உலகப் பட்டம் வர இன்னும் 50 ஆண்டுகள் ஆயின. 2000-ல் ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகல் அதை முதலில் வென்றார். அரை நூற்றாண்டு காக்க வைத்தது பெரிய அநியாயம்.

*

பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் 1966-ல் ஒருமுறை, பிறகு 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறுமுறை, ஆக ஏழு தடவை உலகப் பட்டம் வென்றார். இந்த எண்ணிக்கையை இன்னொருவர் தொட 2025 வரை ஆனது. தொட்டவர் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் போல். அவர் ஓட்டுவது கார்பன். எரிக் ஓட்டிய காலம் எஃகின் காலம். எரிக்கின் தம்பி ரோஜரும் 1975-ல் உலகப் பட்டம் வென்றிருக்கிறார். அவர் இருந்த புரூக்ளின் அணிக்குச் சைக்கிள் செய்து தந்தது இத்தாலியின் ஜியோஸ். அந்த அடர்நீல வண்ணத்தில் ஒரு பழைய ஜியோஸ் விற்பனைக்கு வந்தால் இன்றும் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

*

சைக்ளோகிராஸ் ஃபிரேமைச் சாலைப் பந்தய ஃபிரேமிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய குழாய், பெரிய சக்கரம் என்று தூரத்தில் இரண்டும் ஒரே ஜாடை. கிட்டே போய்ப் பாருங்கள்.

முதலில் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். டயருக்கும் அதன் இருபக்கக் குழாய்களுக்கும் நடுவே சாலை சைக்கிளில் ஒரு பென்சில்கூட நுழையாது. இதில் விரல் தாராளமாக நுழையும். டயரோடு ஒட்டி வரும் சேறு ஃபிரேமில் சிக்காமல் வெளியே போக அந்த இடைவெளி வேண்டும். இடம் இல்லாவிட்டால் இரண்டே சுற்றில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும்.

அடுத்தது பிரேக். சாலை சைக்கிளின் பிரேக் டயருக்கு நேர் மேலே ஒற்றைத் திருகில் தொங்கும். சேறு போய் அடைவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சைக்ளோகிராஸ் ஃபிரேமிலோ ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் பின்பக்கக் குழாய்களிலும் சின்னச் சின்ன முளைகளைப் பற்றவைத்திருப்பார்கள். கான்டிலீவர் பிரேக்கின் இரண்டு கைகளும் அவற்றில் உட்கார்ந்து பக்கவாட்டில் விரிந்து நிற்கும். டயருக்கு மேலே வெட்டவெளி.

பிறகு கேபிள். சாதாரண ஃபிரேமில் கியர் கேபிள்கள் கீழ்க்குழாய் வழியாக, பெடல் அச்சின் அடிவயிற்றைச் சுற்றிப் பின்னால் போகும். சேறு அப்புகிற இடமே அதுதான். இதில் கேபிள்கள் மேல்குழாயின் மேற்புறமாக ஓடும். மேல்குழாயின் அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். வண்டியைத் தோளில் மாட்டும்போது எலும்பில் உராய்வது அந்த அடிப்பக்கம்தான். அங்கே ஒரு கேபிள் இருந்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சில பட்டறைக்காரர்கள் அந்த இடத்தை லேசாகத் தட்டையாக்கியும் தந்தார்கள்.

*

பழைய ஐரோப்பிய ஃபிரேம்களில் பெடல் அச்சு சாலை சைக்கிளைவிடச் சற்று உயரமாக இருக்கும். மேடு பள்ளத்தில் இடிக்காமல் இருக்கத்தான் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் அந்தக் காலத்துப் பெடலில் காலை நுழைக்க ஒரு கூடும் வாரும் இருக்கும். ஓடி வந்து ஏறும் கணத்தில் பெடல் தலைகீழாகத் திரும்பி, கூடு தரையை நோக்கித் தொங்கும். அது புல்லிலும் கல்லிலும் மாட்டாமல் இருக்கவும் அந்த உயரம் தேவைப்பட்டது. ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடல் வந்ததும் இந்தத் தேவை போய்விட்டது. ஃபிரேம்களும் தாழ ஆரம்பித்தன. பெடல் அச்சு எவ்வளவு உயரம் என்று பார்த்தே ஒரு ஃபிரேம் எந்தக் காலத்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

*

எஃகுக் குழாய் வெளியில் பார்க்க ஒரே சீரான உருளை. உள்ளே அப்படி இல்லை! நல்ல ஃபிரேமின் குழாயில் இரண்டு முனைகளிலும் சுவர் தடிமனாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும். உதாரணமாக முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. வெல்டிங் சூடும் குலுக்கலும் தாக்குவது மூட்டுகளைத்தான். அங்கே பலம் போதுமானால் நடுவில் எடையைக் குறைத்துவிடலாம். இந்த உத்திக்கு 1897-ல் காப்புரிமை வாங்கியது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ரெனால்ட்ஸ் குடும்பம். அதுவரை அவர்கள் தொழில் ஆணி செய்வது.

அதே ரெனால்ட்ஸ் 1935-ல் 531 என்ற குழாயைக் கொண்டுவந்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்பக்கச் சட்டகத்துக்கும் இதே 531 போனது.

*

ரெனால்ட்ஸுக்கும் நம் சென்னை அம்பத்தூருக்கும் ஒரு வழியில் உறவு உண்டு. 1928-ல் ரெனால்ட்ஸை வாங்கியது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமம். அதே குழுமத்தோடு கைகோத்துத்தான் 1949-ல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் நம் வீடுகளுக்கு வந்தது அந்த வழியில். அம்பத்தூரில் உள்ள சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனைக்கு அந்தப் பிரிட்டிஷ் குழுமத்தின் தலைவராக இருந்தவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் அப்பாக்கள் அலுவலகத்துக்கு மிதித்த சைக்கிளும் பந்தய வீரர்கள் ஆசைப்பட்ட 531 குழாயும் ஒரு காலத்தில் ஒரே குழுமத்துப் பிள்ளைகள்.

*

வெல்டிங் செய்த இடம் பலவீனமாகும் என்பது பொதுவிதி. ரெனால்ட்ஸ் 1990களின் நடுவில் கொண்டுவந்த 853 என்ற எஃகு இந்த விதிக்கு அடங்காது. பற்றவைத்த பிறகு காற்றிலேயே ஆறும்போது மூட்டைச் சுற்றியுள்ள பகுதி இன்னும் கடினமாகிறது. அதனால் குழாயை மேலும் மெலிதாக்க முடிந்தது. தயாரிப்பு நின்றுபோன ஒரு ஃபிரேமில் 853 என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விலை கூடுவதற்குக் காரணம் இதுதான்.

*

இத்தாலியின் கொலம்பஸ் குழாய்களும் இதே அளவுக்குப் புகழ்பெற்றவை. மிலான் நகரில் 1919-ல் ஆரம்பித்த கம்பெனி. அதன் எஸ்.எல்.எக்ஸ் குழாய்க்குள் துப்பாக்கிக் குழலில் இருப்பதுபோலத் திருகு வரிகள் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. சீட் கம்பத்தைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தாலும் தெரியாமல் போகலாம். பெடல் அச்சைக் கழற்றி அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

*

எஃகைச் சைக்ளோகிராஸிலிருந்து விரட்டியது கார்பன் என்று நினைப்போம். கார்பன் வருவதற்கு வெகுநாள் முன்பே அலுமினியம் அந்த வேலையைச் செய்துவிட்டது. லோடோவிகோ ஃபல்கோனி என்ற இத்தாலியர் 1972-ல் அலான் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பிள்ளைகள் ஆல்பர்ட்டோ, அன்னா இருவரின் பெயரிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. அலுமினியக் குழாய்களைத் திருகியும் பசை வைத்து ஒட்டியும் ஃபிரேம் செய்தார். எடை குறைவு. துருப்பிடிக்காது. சேற்றிலும் தண்ணீரிலும் தினமும் ஊறுகிற வண்டிக்கு வேறென்ன வேண்டும்? 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் ஐரோப்பியச் சேற்றுப் பந்தயங்களில் அலான் கொடிகட்டிப் பறந்தது. ஆகவே அந்தக் காலத்துப் பந்தயத்தரமான எஃகு ஃபிரேம்கள் எண்ணிக்கையில் குறைவு. அரிதாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

அப்படியானால் இன்று தேடப்படும் எஃகு ஃபிரேம்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து!

1990களில் கலிபோர்னியா, ஆரிகன், விஸ்கான்சின், நியூ இங்கிலாந்துப் பகுதிகளில் சைக்ளோகிராஸ் வேகமாகப் பரவியது. ஐரோப்பாவின் முன்னணி வீரருக்குச் சம்பளமும் மெக்கானிக்கும் உண்டு. சேறு அதிகமான நாளில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை வண்டியை மாற்றிக்கொள்வார். அவர் புதிய வண்டியில் பறக்கும்போது பழையதை மெக்கானிக் தண்ணீரடித்துக் கழுவித் தயாராக வைத்திருப்பார். அமெரிக்காவில் ஓட்டியவர்களோ வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு வருகிறவர்கள். ஒரே வண்டிதான். அதே வண்டியில் திங்கட்கிழமை அலுவலகமும் போக வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது. வளைந்தால் நிமிர்த்த முடிய வேண்டும். அவர்களுக்கு எஃகுதான் பொருந்தியது. சின்னப் பட்டறை வைத்திருந்த கைவினைஞர்கள் அவர்களுக்காகச் செய்து கொடுத்தார்கள். ரெட்வுட் சிட்டியில் பிரென்ட் ஸ்டீல்மனின் யூரோகிராஸ், சான்டா குரூஸில் பால் சடோஃபின் ராக் லாப்ஸ்டர் எல்லாம் அந்தச் சூழலைச் சேர்ந்தவை. இந்தக் காலத்தை எஃகு சைக்ளோகிராஸின் பொற்காலம் என்று நான் தயங்காமல் சொல்வேன். பந்தயத்துக்கும் வாழ்க்கைக்கும் ஒரே ஃபிரேம் போதும் என்று நினைத்துச் செய்தவர்கள் இவர்கள்.

*

சிவப்பு ஃபிரேமில் வெள்ளைச் சிலுவை. பார்த்ததும் சுவிட்சர்லாந்துக் கொடி என்று தெரிந்துவிடும். ரிச்சி கம்பெனியின் ஸ்விஸ் கிராஸ் இது. பெயருக்குப் பின்னால் இருப்பவர் சுவிஸ் வீரர் தாமஸ் ஃப்ரிஷ்க்னெக்ட். 1991-ல் அமெச்சூர் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தையும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் வெள்ளியையும் வென்றவர். ஃபிரேமைச் செய்த டாம் ரிச்சி கலிபோர்னியாக்காரர், பதின்பருவத்திலேயே ஃபிரேம் கட்டத் தொடங்கியவர். முனையில் தடித்த பகுதியை எவ்வளவு குட்டையாக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக்கி, தனக்கென்று லாஜிக் என்ற குழாயையே வடிவமைத்தார். ஸ்விஸ் கிராஸ் பின்னாளில் டிஸ்க் பிரேக்கோடும் வந்தது. ஆனால் 1990களின் கான்டிலீவர் ஸ்விஸ் கிராஸ் என்றால் அதற்கு மவுசே தனி.

*

கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை மூன்றுமுறை வென்ற அமெரிக்கர். அவர் பெயரில் டிரெக் கம்பெனி செய்து விற்ற சைக்கிள்களில் பொப்ராட் என்ற எஃகு சைக்ளோகிராஸ் வண்டியும் ஒன்று. பொப்ராட் என்பது ஸ்லோவாக்கியாவில் உள்ள ஊர். 1999-ல் சைக்ளோகிராஸ் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. 2008-ல் டிரெக்கும் லெமாண்டும் பிரிந்தார்கள், வழக்கும் நடந்தது. பொப்ராட் அத்தோடு முடிந்தது. நல்ல வண்டி ஓடாமல் நின்றதற்கு வண்டி காரணமில்லை.

*

சர்லி கிராஸ்-செக். மின்னசோட்டாவில் பிறந்தது. பந்தயத்துக்கென்று பெயர், ஆனால் பந்தயத்தைவிட ஊர்சுற்றலுக்கும் வேலைக்குப் போய்வரவும்தான் அதிகம் ஓடியது. இதன் பின்சக்கரம் மாட்டும் இடத்தின் அகலம் 132.5 மில்லிமீட்டர். இது வழக்கமான அளவு அல்ல. சாலை சைக்கிளின் ஹப் 130, மலைச் சைக்கிளின் ஹப் 135. இரண்டுக்கும் சரிபாதியில் வைத்துவிட்டார்கள்! எஃகு கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும். எந்தச் சக்கரம் கையில் இருக்கிறதோ அதை மாட்டிக்கொள்ளலாம். அலுமினியத்திலோ கார்பனிலோ இப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். பின்சக்கரப் பிளவு கிடைவாட்டில் நீண்டிருப்பதால் கியர் இல்லாத ஒற்றைப் பல்சக்கர வண்டியாகவும் மாற்றலாம். 42 மில்லிமீட்டர் டயரும் அதன்மேல் மட்கார்டும் ஒன்றாக உட்காரும். இருபது ஆண்டுக்கு மேல் விற்ற இந்த ஃபிரேமும் இப்போது நிறுத்தப்பட்டவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

*

விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்ஃபோர்டில் ரிச்சர்ட் ஷ்வின் 1993-ல் ஒரு பட்டறையைத் தொடங்கினார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஷ்வின் சைக்கிள் குடும்பத்தின் வாரிசு. அங்கே செய்த கன்னர் கிராஸ்ஹேர்ஸ் என்ற ஃபிரேமை நியாயமான விலைக்கு அமெரிக்கக் கைவேலை என்று வாங்கினார்கள். 2023-ல் அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார், பட்டறையும் மூடப்பட்டது. மினியாபொலிஸின் ஆல்-சிட்டி என்ற எஃகுச் சைக்கிள் பிராண்டும் இதையொட்டிய காலத்திலேயே நிறுத்தப்பட்டது. அதன் நேச்சர் பாய் ஃபிரேம் கியரே இல்லாத சைக்ளோகிராஸுக்கானது.

*

ரிச்சர்ட் சாக்ஸ் என்ற அமெரிக்கர் 1972-ல் லண்டனுக்குப் போய் விட்கோம்ப் பட்டறையில் ஃபிரேம் செய்யக் கற்றுக்கொண்டார். 1975-ல் சொந்தப் பெயரில் தொடங்கினார். தனி ஆளாக, ஒவ்வொரு ஃபிரேமையும் தானே அளந்து, அறுத்து, அரம் போட்டு, பித்தளையோ வெள்ளியோ உருக்கி மூட்டுகளைச் சேர்த்தவர். சிவப்பும் வெள்ளையுமாக அவர் சைக்ளோகிராஸ் அணியும் நடத்தினார்; தானும் ஓட்டினார். மற்றவர்கள் கார்பனில் வந்து நிற்கையில் அவர் அணி மட்டும் எஃகில் நின்றது. பழைய குழாய்கள் கிடைக்காமல் போனபோது, இத்தாலியின் டாரியோ பெகோரெட்டியோடு சேர்ந்து, தங்களுக்கு வேண்டிய குழாயைக் கொலம்பஸிடம் சொல்லித் தயாரிக்க வைத்தார். பெகோரெட்டி 2018-ல் மறைந்துவிட்டார்.

*

சைக்ளோகிராஸ் என்று சொல்லவும் முடியாது, விடவும் மனசில்லை: பிரிட்ஜ்ஸ்டோன் எக்ஸ்ஓ-1. 1990களின் தொடக்கத்தில் வந்து சீக்கிரமே நின்ற வண்டி. 26 அங்குலச் சக்கரம், மீசைபோல வளைந்த ஹேண்டில்பார். வடிவமைத்தவர் கிராண்ட் பீட்டர்சன். 1994-ல் அமெரிக்காவிலிருந்து பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள் வெளியேறியதும் அவர் ரிவென்டெல் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். ஆரஞ்சு நிற எக்ஸ்ஓ-1 கேட்ட விலைக்குப் போகும்.

*

2012 உலகப் போட்டி பெல்ஜியக் கடற்கரையோரம் கோக்ஸைடே மணல்மேடுகளில் நடந்தது. ஆண்களுக்கான முதல்நிலைப் போட்டியில் முதல் ஏழு இடங்களிலும் பெல்ஜியர்கள்.

*

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1961-ல் தொடங்கிய த்ரீ பீக்ஸ் பந்தயத்தில் இங்கிள்பரோ, வெர்ன்சைட், பென்-ய்-கென்ட் என்ற மூன்று மலைகளை ஏறி இறங்க வேண்டும். 61 கிலோமீட்டர். அதில் சில கிலோமீட்டரை யாராலும் ஓட்ட முடியாது. வண்டியைச் சுமந்து நடக்க வேண்டியதுதான். மலைச் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சைக்ளோகிராஸ் வண்டிதான் வேண்டும்; டயர் 35 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேல்குழாயின் அடிப்பக்கம் ஏன் மொழுமொழுவென்று இருக்க வேண்டும் என்பது இந்த மலையேற்றத்தில் புரிந்துவிடும்.

*

இந்த ஃபிரேம்களில் பல வழக்கொழிந்ததற்கு ஒரு விதிமுறையும் காரணம். 2010-ல் உலகச் சைக்கிள் சம்மேளனம் சைக்ளோகிராஸில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. டிஸ்க் பிரேக் சேற்றிலும் ஈரத்திலும் பிடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்த கையோடு பின்சக்கரத்தின் அகலம் மாறியது, அச்சு மாறியது, ஃபோர்க்கின் கழுத்து தடித்தது. கான்டிலீவர் முளையோடு இருந்த ஃபிரேம்கள் கடைகளில் தேங்கின. அடுத்த சில ஆண்டுகளில் சரளைச் சாலைக்கான கிராவல் சைக்கிள் வந்தது. அகல டயர், சுமை ஏற்றும் வசதி என்று எஃகு சைக்ளோகிராஸ் வண்டியை எதற்காக மக்கள் வாங்கினார்களோ அதையெல்லாம் அது எடுத்துக்கொண்டது.

*

பிறகு ஏன் தேடுகிறார்கள்? மூன்று காரணம் சொல்வேன்.

எஃகுக்குத் தளர்ச்சி எல்லை என்று ஒன்று உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் முறை அழுத்தம் வந்தாலும் விரிசல் விழாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. அழுத்தம் சிறிதானாலும் எண்ணிக்கை சேரச் சேரக் களைத்துப்போகும். முப்பது வயது எஃகு ஃபிரேமை நம்பி ஏறலாம். முப்பது வயது ஒட்டுப்போட்ட அலுமினிய ஃபிரேமைச் சுவரில் மாட்டலாம்.

அடுத்தது பழுது பார்ப்பது. ஒரு குழாய் நசுங்கினால் அந்தக் குழாயை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். பித்தளையோ வெள்ளியோ உருக்கி மூட்டைச் சேர்க்கும் பிரேசிங் தெரிந்த ஆள் இருந்தால் போதும்.

மூன்றாவது, சேற்றுக்காக விட்ட அந்த இடைவெளி. உலகச் சம்மேளனப் பந்தயங்களில் டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் சேறு வெளியேற ஃபிரேமில் அதைவிட நிறையவே இடம் விட்டிருந்தார்கள். பந்தயத்தை விட்டுவிட்டால் அந்த இடம் முழுவதும் உங்களுடையது. மெத்தென்ற அகல டயர் போடலாம். மழைக்காலத்தில் மட்கார்டு மாட்டலாம். குண்டும் குழியுமான சாலையில் காற்றைக் குறைத்து வசதியாக மிதிக்கலாம். எடை சுமார் 2 கிலோ, கார்பன் ஃபிரேமைப்போல இரண்டு மடங்கு. அந்த ஒரு கிலோ வித்தியாசம் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். இதை எடைத் தராசில் மட்டும் நிறுத்திப் பார்த்து ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்றே நினைக்கிறேன்.

*

பழைய ஃபிரேம் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம், டைட்டானியம் அல்லது கார்பன்.

ஹேண்டில் கழுத்துக்குச் சற்றுப் பின்னால், மேல்குழாயின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியதுபோல ஓர் அலை தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

ஒரு நூல் போதும், ஃபிரேம் கோணலா என்று பார்த்துவிடலாம். பின்சக்கரப் பிளவின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டுங்கள். முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் கழுத்தைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இருபுற நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நல்ல மெக்கானிக் நிமிர்த்திவிடுவார்.

சீட் கம்பத்தின் அளவைக் கேளுங்கள். 27.2 மில்லிமீட்டர் என்றால் சீட் குழாயின் சுவர் மெல்லியது, பொதுவாக நல்ல தரம். 26-ஐ ஒட்டி இருந்தால் தடித்த, மலிவான குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெடல் அச்சின் மரையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில மரையில் செயின் பக்கம் இடது மரை. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலது மரை. தெரியாமல் முறுக்கினால் மரையே போய்விடும்.

*

எஃகின் ஒரே எதிரி துரு, அதுவும் உள்ளிருந்து. சேற்றில் ஓடிய வண்டியில் தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கிப் பெடல் அச்சின் கிண்ணத்தில் தேங்கும். பல ஃபிரேம்களில் அதன் அடியில் வடிகால் துளை ஒன்று போட்டிருப்பார்கள். முந்தைய சொந்தக்காரர் அதை அழுக்கால் அடைத்து வைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். குழாய்களுக்குள் துரு தடுக்கும் எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, ஒரு நாள் ஆறவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் இதற்கு ஆகும்.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

*

பழைய ஃபிரேம் கைக்கு வந்ததும், மற்ற எதையும் தொடுவதற்கு முன், சீட் கம்பத்தை ஒருமுறை வெளியே எடுத்துவிடுங்கள். அலுமினியக் கம்பம் எஃகுக் குழாய்க்குள் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளியே வந்துவிட்டால் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பப் போடுங்கள். அடுத்த வேலை, நல்ல டயர் மாட்டி அன்றைக்கே ஓட்டிப் பார்ப்பது.